பதிவில் உள்ள பழுதுக்கு ரிசீவரின் போர்டை மாற்றினார்கள்: ஓர் எச்சரிக்கை

டிஜிட்டல் தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பதிவு செய்துவைத்து, பிறகு 5.1 ஒலியமைப்பில் (ஐந்து ஸ்பீக்கர்களும் ஆழ்ந்த ஒலிக்கான ஒரு ஸ்பீக்கரும்) கேட்கும் வழக்கம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒலி விட்டுவிட்டு வருகிறது என்று சொல்லி சர்வீஸ் சென்டருக்குப் போனால், உங்கள் ரிசீவரில் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டியில்) இல்லாத பழுதைக் கண்டுபிடித்து, அதைச் சரிசெய்ததாகப் பணமும் வாங்கிக்கொண்டு, உண்மையான பழுதை அப்படியே உங்களிடம் திருப்பித் தரும் இடங்கள் இருக்கின்றன. எனக்கு நடந்தது அதுதான். போதாக்குறைக்கு, என் பதிவுகளில் சிலவற்றையும் மீட்க முடியாதபடி கெடுத்துவிட்டார்கள்.

பிரச்சினை இதுதான்: பதிவை ஓடவிட்டால், சில இடங்களில் ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்கும், உடனே எல்லா ஸ்பீக்கர்களும் ஏறக்குறைய அரை நொடி அமைதியாகிவிடும், ரிசீவரின் முகப்பில் டால்பி டிஜிட்டல் (5.1 ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) என்று காட்டும் விளக்கு அணைந்து மீண்டும் எரிந்த பிறகுதான் ஒலி திரும்பி வரும். அதே சேனலை நேரடியாகப் பார்க்கும்போது இது வராது. டிவிடி ஓடவிட்டாலும் வராது. பதிவு செய்தவற்றில் மட்டும்தான் வரும் என்பதை, வீட்டுக்கு வந்த டெக்னீசியனிடம் நான் தெளிவாகவே சொன்னேன்.

அவர் ஒரே ஒரு பதிவைச் சிறிது நேரம் கேட்டுவிட்டு, ரிசீவருக்கு ஒலியைக் கொண்டுவரும் ஆப்டிகல் கேபிளில்தான் கோளாறு என்று சொல்லி, முனைகளில் தங்க முலாம் பூசிய புதிய கேபிள் ஒன்றை என் தலையில் கட்டினார். ஆப்டிகல் கேபிளில் போவது மின்சாரம் அல்ல, ஒளி. முனையில் உள்ள உலோகத்துக்குத் தங்க முலாம் பூசுவதால் அந்த ஒளிக்கு ஒரு நன்மையும் இல்லை. கேபிளை மாற்றிய பிறகும் அதே ‘டக்’ ஓசை அதே இடத்தில் வந்தபோது, அவர் சற்றும் தயங்காமல் ரிசீவரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்.

ரிசீவர் திரும்பி வந்தபோது கூடவே வந்த ஜாப் கார்டை (செய்த வேலையை எழுதித் தரும் சீட்டை) இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு வரியில், டிஸ்க் போட்டுச் சோதித்ததில் 5.1 ஒலி சரியாக வருகிறது என்று எழுதியிருக்கிறது. அதற்கு அடுத்த வரியிலேயே, டீகோடர் போர்டு பழுது, புதியது மாற்றப்பட்டது என்று அதே கையெழுத்தில், அதே பேனாவில் எழுதியிருக்கிறது. டிவிடியில் உள்ள டால்பி டிஜிட்டல் ஒலியையும் ஒளிபரப்பில் வரும் டால்பி டிஜிட்டல் ஒலியையும் ரிசீவருக்குள் பிரித்தெடுப்பது ஒரே டீகோடர்தான். டிஸ்க்கில் அது குறையில்லாமல் வேலை செய்தது என்றால், அதை மாற்றுவதற்கு என்ன காரணம் இருந்தது என்ற கேள்விக்கு இன்றுவரை அவர்களிடமிருந்து பதில் வரவில்லை. பில் தொகை, அதே தரத்தில் ஒரு புதிய ரிசீவர் வாங்கும் விலையில் பாதிக்குச் சற்றுக் குறைவு.

போர்டை மாற்றிய பிறகும் ஒலி அதே நிகழ்ச்சியில், அதே வசனத்தின் நடுவில் அறுந்தது. இந்த ஒரு செய்தியே போதும். சிப் ஒன்று பழுதாகிறது என்றால் சூடேறும்போது பழுதாகலாம், எப்போதாவது ஒருமுறை பழுதாகலாம். ஒரு குறிப்பிட்ட பதிவின் குறிப்பிட்ட நொடிக்காகக் காத்திருந்து பழுதாகாது. எனவே யாரையும் வீட்டுக்கு அழைப்பதற்கு முன்னால், ஒலி அறுபடும் இடத்தின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, சற்றுப் பின்னோக்கிச் சென்று அதே பகுதியைத் திரும்பவும் ஓடவிடுங்கள். அதே இடத்தில் அறுந்தால் குறை பெரும்பாலும் கோப்பில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் அறுந்தால்தான் கேபிளையும் பிளேயரையும் ரிசீவரையும் சந்தேகிக்க வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால், அதே கோப்பைக் கணினியில் போட்டு, ரிசீவரின் பக்கமே போகாமல், ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

கோப்புக்குள் என்னதான் நடந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இது தெரியாதவரிடம்தான் போர்டுக் கதை எடுபடும். ஒளிபரப்பு 188 பைட் அளவுள்ள சிறு பாக்கெட்டுகளாக வருகிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் 0 முதல் 15 வரை ஓடி மீண்டும் 0-வுக்குத் திரும்பும் ஒரு வரிசை எண் இருக்கிறது. இடையில் ஒன்று தொலைந்தால் இந்த எண்ணை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். டால்பி டிஜிட்டல் ஒலியோ 1,536 மாதிரிகள் (ஒலியைக் கணத்துக்குக் கணம் அளந்த அளவுகள்) கொண்ட ஃபிரேம்கள் என்ற துண்டுகளாகக் கட்டப்பட்டிருக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 மாதிரிகளில், ஒரு ஃபிரேம் என்பது 32 மில்லிநொடி. நொடிக்கு 384 கிலோபிட் வேகத்தில் வரும் 5.1 ஒலியில் ஒரு ஃபிரேம் 1,536 பைட் இருக்கும் என்பதால், அது குறைந்தது ஒன்பது பாக்கெட்டுகளில் பரவிக் கிடக்கும். அவற்றில் ஒன்று போனாலும் ஃபிரேமின் சரிபார்ப்பு எண் ஒத்துவராது, டீகோடர் அந்த ஃபிரேமையே தள்ளிவிடும். அதோடு, தொடர்பு அறுந்த ரிசீவர் மறுபடி ஒலியோட்டத்தைப் பிடித்துக்கொள்ளும் வரை ஸ்பீக்கர்களை மௌனமாக்கி வைப்பதால்தான், 32 மில்லிநொடி இழப்பு நம் காதுக்கு அரை நொடி ஓட்டையாகத் தெரிகிறது. படத்தில் பாக்கெட் தொலைந்தால் முந்தைய காட்சியைக் கொண்டு ஓரளவு ஒட்டுப்போட்டுவிட முடிகிறது. ஒலியில் அந்த வசதி குறைவு. படம் நன்றாக இருக்கிறது, அதனால் கோப்பு நன்றாக இருக்கிறது என்று டெக்னீசியன் சொன்னால் நம்ப வேண்டாம்.

என் வீட்டில் பாக்கெட்டுகள் தொலைந்தது ஆன்டெனாவில் அல்ல. ஒரே நேரத்தில் இரண்டு சேனல்களைப் பதிவு செய்தபோது, யுஎஸ்பி ஹப் வழியாக இணைத்திருந்த ஹார்டு டிஸ்க் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறியிருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு கோப்பை முழுவதும் படிக்கவைத்து, எதையும் சேமிக்காமல் பிழைச் செய்திகளை மட்டும் காட்டச் சொன்னபோது, பழுதான பாக்கெட்டுகள் நேரக் குறியோடு வரிசையாக வந்து விழுந்தன. நொடிக்கு 90,000 என்று எண்ணும் அந்த நேரக் குறியை 90,000-ஆல் வகுத்து, கோப்பின் தொடக்க நேரத்தைக் கழித்துப் பார்த்தால், ஒலி அறுபட்ட நொடி வந்து நிற்கிறது. டிஸ்க்கை ஹப் இல்லாமல் நேரடியாக இணைத்த பிறகு செய்த பதிவுகளில் இந்தப் பிழைகள் இல்லை. போர்டும் தேவைப்படவில்லை, தங்க முலாமும் தேவைப்படவில்லை.

பழுதே அல்லாத ஒன்றையும் பழுதென்று காட்டுவார்கள். நிகழ்ச்சி 5.1-இலும் விளம்பரம் இரண்டு சேனல் ஸ்டீரியோவிலும் வந்தால், மாறும் இடத்தில் ரிசீவர் ஒரு கணம் மௌனமாகி, சில மாடல்களில் ரிலேயின் (உள்ளே இருக்கும் மின்சுவிட்சின்) ஓசையும் கேட்கும். அது இயல்பானது. அதேபோல், விளம்பரத்தின் நடுவில் பதிவு தொடங்கியிருந்தால், சில பிளேயர்கள் முதலில் கண்ட ஸ்டீரியோவையே கோப்பு முழுவதுக்கும் வைத்துக்கொண்டு, பின்னால் வரும் 5.1-ஐ இரண்டு ஸ்பீக்கர்களில் அடக்கிவிடும். விளம்பரப் பகுதியை வெட்டிவிட்டு ஓடவிட்டால் சரியாகிவிடும் இதற்கு, பின்பக்க ஸ்பீக்கர்களின் ஆம்ப்ளிஃபையர் போய்விட்டது என்றுகூட எனக்குச் சொன்னார்கள்.

நான் மிகவும் எச்சரிக்க விரும்புவது இனிமேல் சொல்லப்போவதைத்தான். போர்டு மாற்றியும் பயனில்லை என்று நான் சண்டை பிடித்தபோது, ஒளிபரப்பே சரியில்லை என்று பேச்சை மாற்றி, பதிவுகளைத் ‘தூய 5.1’ ஆக்கித் தருகிறோம் என்று டிஸ்க்கைக் கேட்டார்கள். சோதனைக்காகச் சில பதிவுகள் மட்டும் இருந்த சிறிய டிஸ்க் ஒன்றைக் கொடுத்தேன். திரும்பி வந்த கோப்புகளின் விவரத்தில் ஆறு ஒலிச் சேனல்கள் என்றுதான் காட்டியது. ஆனால் ஒவ்வொரு சேனலாகத் தனித்துக் கேட்டபோது குட்டு வெளிப்பட்டது: நடு ஸ்பீக்கரில் வசனம் மட்டும் வர வேண்டிய இடத்தில் பின்னணி இசையும் சேர்ந்து வந்தது, பின்பக்க ஸ்பீக்கர்களில் முன்பக்க ஒலியே சற்றுத் தாமதமாகவும் மெல்லியதாகவும் ஒலித்தது. அதாவது, ஒளிபரப்பிலிருந்த உண்மையான 5.1-ஐ முதலில் ஸ்டீரியோவாகச் சுருக்கி, பிறகு அதையே ஆறாக விரித்து, மூலக் கோப்பின் மேலேயே எழுதியிருந்தார்கள். ஓட்டைகளும் ஓட்டைகளாகவே இருந்தன.

முறையாகச் செய்வதென்றால் ஒலியை மறுபடி என்கோட் செய்யவே (புதிதாகச் சுருக்கிக் கட்டவே) தேவையில்லை. உடைந்த ஃபிரேமை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அதே நீளமுள்ள ஒரு ஃபிரேமை நிரப்பினால் போதும். புராஜெக்ட்எக்ஸ் போன்ற பழைய இலவச மென்பொருளே இதைச் செய்கிறது. நிரப்பாமல் நீக்க மட்டும் செய்தால், முப்பது ஃபிரேம்கள் போனவுடன் உதட்டசைவுக்கும் குரலுக்கும் ஏறக்குறைய ஒரு நொடி வித்தியாசம் வந்துவிடும் என்பதால், யாரிடம் கொடுத்தாலும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூலக் கோப்பை ஒருபோதும் கையை விட்டுப் போகவிடாதீர்கள், நகலை மட்டும் கொடுங்கள்.

போர்டை மாற்றுவதாகச் சொன்னால், எந்தச் சோதனையில் அது தவறியது என்பதை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்; கழற்றிய பழைய போர்டைத் திருப்பித் தர வேண்டும் என்பதை, ரிசீவரை ஒப்படைக்கும்போதே அதில் குறிப்பிடச் சொல்லுங்கள். நான் பின்னால் கேட்டபோது, பழைய போர்டு நிறுவனத்துக்குப் போய்விட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். எழுத்து மூலம் நான் கொடுத்த புகாருக்கு வந்திருக்கும் ஒரே பதில், மாற்றிய போர்டுக்கு உத்தரவாதம் உண்டு என்பதுதான். பணத்தைத் திருப்பிக் கேட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன், ஜாப் கார்டின் அந்த இரண்டு வரிகளின் நகலையும் இணைத்து.