பூச்சு ஸ்டென்ட்டும் மருந்து ஸ்டென்ட்டும்

சுருங்கிய இதயத் தமனியை விரித்து வைக்கப் பொருத்தப்படும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட்டின் உலோகக் கம்பிகள் உட்சுவரைக் காயப்படுத்துவதால், அந்தக் காயம் ஆறும்போது மென்தசைச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகி, சில மாதங்களிலேயே குழாயை மீண்டும் சுருக்கிவிடக்கூடும்.

இதைத் தடுக்க, செல் பெருக்கத்தை அடக்கும் மருந்தில்லாத பூச்சுகளும் முயன்று பார்க்கப்பட்டன. ஹெப்பாரின் பூச்சு இரத்தம் உறைவதைக் குறைப்பதற்கானதே தவிர, செல் பெருக்கத்தை அடக்கவில்லை. தங்கமோ நம்பிக்கைக்கு நேர்மாறான பலனைத் தந்தது: 2000-ஆம் ஆண்டு வெளியான ஜெர்மானிய ஆய்வில், தங்கம் பூசிய ஸ்டென்ட் பெற்றவர்களில் ஏறத்தாழ 50 விழுக்காட்டினருக்கும், வெறும் எஃகு ஸ்டென்ட் பெற்றவர்களில் 38 விழுக்காட்டினருக்கும் மறுசுருக்கம் ஏற்பட்டது.

மருந்து ஸ்டென்ட் காரணத்தையே தாக்குகிறது. பாலிமர் படலத்திலிருந்து வாரக்கணக்கில் மெல்லக் கசியும் சிரோலிமஸ் என்ற மருந்து, செல்கள் பிரிந்து பெருகுவதைத் தடுக்கிறது. 2002-இல் வெளியான ராவெல் ஆய்வில், ஆறு மாத முடிவில் மருந்து ஸ்டென்ட் பெற்ற எவருக்கும் மறுசுருக்கம் இல்லை. மருந்தில்லாத ஸ்டென்ட்டில் அது 26.6 விழுக்காடு. ஆனால் அதே மருந்து, தமனியின் உட்சுவர்ப் படலம் வளர்ந்து கம்பிகளை மூடுவதையும் தாமதப்படுத்துவதால், முதல் தலைமுறைக் கருவிகளில் காலங்கடந்து இரத்தம் உறையும் ஆபத்து இருந்தது. மெல்லிய கம்பிகளும் எவரோலிமஸ் போன்ற மருந்துகளும் வந்த பிறகே அது பெருமளவு தணிந்தது. எனவே மருந்து ஸ்டென்ட்டே மேல் என்பேன். இரத்தம் உறையாமல் காக்கும் இரட்டை மாத்திரைகளை மட்டும் மருத்துவர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தக் கூடாது.