மெயில்கௌ: பின்னறையில் ஒரு தபால் நிலையம்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் எங்களுக்குப் பூஜைப் பொருள் கடை. கற்பூரம், குங்குமம், பித்தளை விளக்கு, காவடிக்கு வேல், மயிலிறகு. ஏழு பேருக்கு மின்னஞ்சல் முகவரி உண்டு. மாதாமாதம் அதற்கு வாடகை கட்டுவது வீண், பின்னறையில் நாமே ஒரு கணினியை அஞ்சல் சர்வராக வைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தவர் கணக்கைக் கவனிக்கும் மைத்துனர். இந்நாட்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டமான 'போப்பியா' 2021 ஜூலை 1 முதல் முழுமையாகச் செல்லுபடியாகிவிட்டது, எனவே வாடிக்கையாளர் விவரம் நம் கூரைக்குக் கீழேதான் இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி. சட்டம் அப்படிச் சொல்லவில்லை; நிபந்தனைகளோடு வெளிநாட்டிலும் வைத்திருக்கலாம். ஆனால் மைத்துனரோடு யார் வாதாடுவது?

2023 இறுதியில் மெயில்கௌ என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளை நிறுவினேன். இலவசம். பெயரிலும் சின்னத்திலும் பசு இருப்பதால் என் மனைவிக்கு அதன்மேல் பார்த்தவுடனே மரியாதை. கடிதத்தை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்திருக்கும் டவ்காட், குப்பையைச் சலிக்கும் ஆர்ஸ்பாம்டி, உலாவியில் படிக்க சோகோ எல்லாம், மென்பொருள்களைப் பொட்டலமாகக் கட்டி ஓட்டும் டாக்கர் வழியே, ஒரே கட்டாக இறங்குகின்றன. தனித்தனியாக உட்கார்ந்து இணைத்திருந்தால் ஒரு மாதம் போயிருக்கும். எனக்கு ஒரு சனிக்கிழமை போதுமாக இருந்தது. நிர்வாகப் பக்கம் தெளிவு. புதிய முகவரி திறக்க மைத்துனரே கற்றுக்கொண்டார்.

தீனிதான் அதிகம். குறைந்தது 6 ஜிபி ரேம் வேண்டும் என்று அதன் கையேடே சொல்கிறது. எங்கள் பழைய கணினியில் 8 ஜிபி. வைரஸ் பார்க்கும் கிளாம்ஏவியை நிறுத்திய பிறகே அது மூச்சு விட்டது.

வரும் கடிதத்தில் ஒரு குறையும் இல்லை. மின்வெட்டில் சர்வர் படுத்துவிட்டால் கடிதம் தொலைந்துபோகும் என்று பயந்தேன். தொலையாது. அனுப்பிய சர்வர் வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி கதவைத் தட்டும். போஸ்ட்ஃபிக்ஸ் தன் வழக்கப்படி ஐந்து நாள் வரை தட்டும். இரண்டு மணி நேர இருட்டெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. இருந்தாலும் ஃபைபர் பெட்டிக்கும் சர்வருக்கும் சேர்த்து ஒரு இன்வெர்ட்டர் வாங்கினோம்.

சிக்கல் அனுப்புவதில். சர்வர்கள் ஒன்றுக்கொன்று கடிதம் கொடுக்கும் வாசலான 25ஆம் போர்ட்டை எங்களுக்கு இணைய இணைப்புத் தருபவர் அடைத்து வைத்திருந்தார். திறக்கவே மூன்று வாரம், பதினொரு தொலைபேசி அழைப்பு. அடுத்தது பிடிஆர் பதிவு: இணையத்தில் நம் இணைப்பின் முகவரியான இந்த ஐபி எண் யாருடையது என்று யாராவது விசாரித்தால் எங்கள் சர்வரின் பெயர் வரவேண்டும். அதை எழுதும் சாவி நம்மிடம் இல்லை, எண்ணைத் தந்தவரிடம். போதாக்குறைக்கு அந்த எண், குப்பை அஞ்சலைத் தடுக்க ஐபி எண்களைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பிபிஎல் பட்டியலில் இருந்தது. நாம் குற்றம் செய்தோம் என்று அதற்குப் பொருளில்லை; நேரடியாக அஞ்சல் அனுப்பக்கூடாத வீட்டு இணைப்பு வகை என்று பொருள். விளக்கம் ஆறுதலாகத்தான் இருந்தது, கடிதம்தான் போகவில்லை.

இதையெல்லாம் முடிக்காமலேயே புனித வெள்ளித் தீமிதிக்காக வெளியூர்க் கோயில் கமிட்டி ஒன்றுக்கு விலைப்பட்டியல் அனுப்பினேன். தவறு என்னுடையது. இருபது கிலோ கற்பூரம், மஞ்சள் துணி, மாலை நூல். செயலாளரின் குப்பைப் பெட்டியில் அது ஒன்பது நாள் கிடந்தது. அதற்குள் அவர்கள் வேறு கடையில் வாங்கிவிட்டார்கள். "தம்பி, நீங்கள் பதிலே போடவில்லையே" என்று அவர் கேட்டபோது இணையப் பெயர்களின் பதிவேடான டிஎன்எஸ் பற்றியா விளக்குவது?

கடிதம் உண்மையில் நம்முடையதுதானா என்று பெறுபவர் சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பதிவுகள் மூன்றையும் இப்போது எழுதியாயிற்று. டிகிம் சாவியை மெயில்கௌவே உருவாக்கித் தருகிறது, நாம் டிஎன்எஸ்ஸில் ஒட்டினால் போதும். வெளியே போகும் கடிதங்களைக் நமக்காக வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கட்டண ரிலே சேவை ஒன்றின் தோளில் 587ஆம் போர்ட் வழியாக ஏற்றிவிட்டேன். அதற்கான இடமும் நிர்வாகப் பக்கத்திலேயே இருக்கிறது. அன்று முதல் ஒரு கடிதமும் குப்பைக்குப் போனதாகப் புகார் இல்லை. மாத வாடகை ஒழிந்ததா என்றால், பாதி ஒழிந்தது. மைத்துனர் அந்தப் பாதியைப் பற்றி மட்டும் பேசுவார்.

மென்பொருளுக்கு ஐந்துக்கு நான்கு. இணைப்புக்காரருக்கு ஒன்று, அதுவும் கடைசியில் தொலைபேசியை எடுத்த பெண்ணுக்காக. நிலையான ஐபியும் பிடிஆரும் எழுத்தில் கிடைக்கும் முன் யாரும் சர்வருக்குக் கணினி வாங்கவேண்டாம். காப்புப் பிரதிக்கு மெயில்கௌவோடு ஒரு ஸ்கிரிப்ட் வருகிறது. வெள்ளிதோறும் அதை ஓட்டுகிறேன். வெளி வட்டைத் துண்டில் சுற்றி, மைத்துனர் வீட்டுக்கு எடுத்துப்போய் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைக்கிறார்.