நிலாவெளி வெயிலுக்கு எந்தக் கமரா? தொடக்கநிலை மிரர்லெஸ் நாலின் ஒப்பீடு

நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நிலாவெளி மணலில் நின்று கமராவின் பின்திரையைப் பாருங்கள். பெரும்பாலும் தெரிவது உங்கள் முகமும் வானமும்தான். வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றினாலும் அடிவானம் சரிந்திருக்கிறதா, பிள்ளை கண்ணை மூடிவிட்டதா என்று அந்த இடத்தில் சொல்ல முடியாது. திருகோணமலையில் முதல் மிரர்லெஸ் (உள்ளே ஆடியில்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கமரா) வாங்கப் போகிறவர் கடையில் முதலில் மெகாபிக்சலைக் கேட்கிறார். கேட்கவேண்டியது, கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்க வியூஃபைண்டர் இருக்கிறதா என்பதை.

இந்த வரிசையில் திரும்பத் திரும்ப அடிபடும் பெயர்கள் நாலு: கனோன் ஆர்50, கனோன் ஆர்100 (இரண்டும் 2023), நிக்கோன் இசட்30 (2022), சோனி இசட்வி-ஈ10 (2021). கனோன் இரண்டிலும் 23.6 இலட்சம் புள்ளிகள் கொண்ட வியூஃபைண்டர் உண்டு. மற்ற இரண்டிலும் இல்லை, பிறகு வாங்கிப் பூட்டவும் வழியில்லை. எடையில் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை: பற்றரி, மெமரி காட் போட்டு சோனி 343 கிராம், ஆர்100 356, ஆர்50 375, நிக்கோன் 405. நிக்கோனில் 20.9 மெகாபிக்சல், மற்றவற்றில் 24 சொச்சம். ஏ3 அளவில் அச்சடித்துச் சுவரில் மாட்டினாலும் எது எதுவென்று பிரிக்க முடியாது.

வெயிலில் கனோன் முந்துகிறது. வீட்டுக்குள் வந்தால் கதை மாறும்.

கமராவோடு வரும் லென்ஸைப் பாருங்கள். கனோனுடையது 18-45 மி.மீ., நிக்கோனுடையதும் சோனியுடையதும் 16-50 மி.மீ. முதல் எண் சிறிதானால் படத்தில் அடங்கும் அகலம் கூடும். இரண்டு மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். கனோன் சென்சரின் (படம் விழும் சில்லின்) அகலம் 22.3 மி.மீ., நிக்கோனுடையது 23.5 மி.மீ. கணக்குப் போட்டால், சுவரோடு சாய்ந்து நின்று 2 மீற்றர் தூரத்தில் எடுக்கும்போது கனோனில் அடங்குவது 2.48 மீற்றர் அகலம், நிக்கோனில் 2.94 மீற்றர். பிறந்தநாள் கேக் மேசைக்குப் பின்னால் வரிசையாக நிற்கிற சனத்தில் ஒருவர் கூடவா குறையவா என்பதை இந்த அரை மீற்றர் தீர்மானிக்கும். கனோன்காரர் பின்னால் போக அறையில் இடமில்லை, கதவைத் திறந்து விறாந்தைக்குத்தான் போகவேண்டும். கோணேசர் கோயில் கோபுரத்தைக் கிட்ட நின்று முழுதாக அடக்கப் பார்ப்பவருக்கும் இதே இடைஞ்சல் வரும்.

இன்னொரு குறை: 18-45 லென்ஸை 45க்கு நீட்டியதும் ஒளி நுழையும் துவாரம் எஃப்/6.3 ஆகச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடினால் துவாரம் சிறிது). இரவு மண்டபத்தில் அது ஐ.எஸ்.ஓ.வை (ஒளியுணர்திறனை) 6400க்குத் தள்ளும், முகத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரும். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைவிடப் பன்னிரண்டு மடங்கு ஒளியை உள்ளே விடும். அதே படம் ஐ.எஸ்.ஓ. 500 அளவில் முடிந்துவிடும். ஆனால் ஒன்று: இந்த நாலு கமராவிலும் உடலுக்குள் நடுக்கம் தாங்கும் ஏற்பாடு கிடையாது, கனோனின் 50 மி.மீ. லென்ஸிலும் கிடையாது. ஷட்டரை (ஒளி விழும் நேரத்தை) 1/100 நொடியைவிட மெதுவாக்கினால் கை நடுங்கியது படத்தில் தெரியும். நிக்கோன் பக்கத்தில் 24 மி.மீ. எஃப்/1.7 லென்ஸ் 135 கிராம்தான். வீட்டுக்குள் பிள்ளைகளை எடுக்க கனோனின் 50ஐவிட இதுதான் வசதி. 50 மி.மீ. கனோனில், பெரிய சென்சர் (முழுச்சட்ட) கமராவின் 80 மி.மீ. போல நெருக்கிக் காட்டும், சின்ன அறையில் ஆளின் தலையும் தோளும் மட்டுமே வரும்.

ப்ளாஷ் பற்றி விற்பவர்கள் பெரிதாகச் சொல்வார்கள். கனோன் இரண்டிலும் மேலே எழும் சின்ன ப்ளாஷ் உண்டு, மற்ற இரண்டிலும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஆர்50இன் ப்ளாஷ் பலம் வழிகாட்டி எண் 6 மட்டுமே. பகல் வெயிலில் எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்தால் ஆறை எட்டால் வகுத்து வரும் முக்கால் மீற்றருக்குத்தான் அது எட்டும். கடற்கரையில் முகத்தில் விழும் நிழலை நீக்க அதை நம்பவேண்டாம், ஆளை மரநிழலுக்கு நகர்த்துவது மேல். ஐ.எஸ்.ஓ.வை நாலு மடங்காக்கினால் எட்டும் தூரம் இரட்டிக்கும்: பொழுது சாய்ந்தபின் எஃப்/4.5, ஐ.எஸ்.ஓ. 400 என்று வைத்தால் இரண்டரை மீற்றர் தாண்டும். அங்கேதான் அது உதவும். வெண்மணலில் இன்னொரு கோளாறு வரும்: கமரா மணலின் பளபளப்பைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கிவிடும். எந்தக் கமராவானாலும் வெளிச்சத் திருத்தத்தை +0.7க்கு வைத்துத் தொடங்குங்கள்.

ஆர்100ஐ விலை பார்த்துத் தூக்குகிறவர்கள் பலர். அதில் எது வெட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்து எடுக்கவேண்டும். பின்திரை அசையாது, தொட்டாலும் வேலை செய்யாது. போனில் விரல் வைத்துக் குவியம் பிடித்துப் பழகியவர் முதல் வாரம் திரையைக் குத்திக்கொண்டே இருப்பார். குவியப் புள்ளியை நகர்த்த ஒரு பொத்தானை அழுத்தி, பிறகு நாலு திசை விசைகளால் தள்ளவேண்டும். ஓடுகிற பிள்ளை அதற்குள் அடுத்த வீட்டு முற்றத்துக்குப் போய்விடும். 4கே வீடியோ எடுத்தால் படம் ஒன்றரை மடங்குக்கு மேல் வெட்டப்பட்டு நெருங்கிவிடும், நல்ல குவிய முறையும் அந்த நேரம் ஓய்ந்துவிடும். ஆகவே அதில் வீடியோ என்றால் 1080 மட்டும். ஆர்50 அப்படியில்லை: திரை பக்கவாட்டில் திறந்து திரும்பும், தொடுதிரை, 4கே 30 முழு அகலத்தில், ஆளின் கண்ணையும் மிருகத்தின் கண்ணையும் தேடிப் பிடிக்கும் குவியம். படங்களை மட்டும் எடுப்பேன், கண்ணை வைத்தே எடுப்பேன் என்பவர் ஆர்100 வாங்கி, மிச்சக் காசை 55-210 லென்ஸில் போடுவது புத்தியான கணக்கு. பிரெட்ரிக் கோட்டை மான்களின் முகத்தை நிறைத்து எடுக்கவும், சுவாமி மலையிலிருந்து கீழே போகும் வள்ளத்தை எட்டிப் பிடிக்கவும் 45 மி.மீ. போதாது.

மே முதல் செப்ரெம்பர் வரை கிழக்குக் கடல் அடங்கியிருக்கும்போது திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்களுக்கும் அந்த நீள லென்ஸ்தான். நிக்கோனில் அதற்கு 50-250 உண்டு, எட்டும் தூரம் சற்று அதிகம். ஆனால் ஆடும் படகில் வியூஃபைண்டர் இல்லாமல் நீள லென்ஸைப் பிடிப்பது சிரமம். கமரா முகத்தில் ஊன்றி நிற்கும்போது கிடைக்கும் பிடி, கையை நீட்டிப் பிடிக்கும்போது கிடையாது. ஷட்டர் 1/1000க்குக் குறையாமல் வையுங்கள்.

சோனியின் பலம் லென்ஸ் சந்தை. பிற கம்பனிகள் பல ஆண்டுகளாக அதற்கு லென்ஸ் செய்வதால் பாவித்த லென்ஸ்களும் தாராளமாகக் கிடைக்கும். பலவீனம் 4கே வீடியோவில்: சென்சரை வரிவரியாக மெதுவாக வாசிப்பதால், கிண்ணியாப் பாலத்தில் ஓடும் வாகனத்திலிருந்து எடுத்தால் விளக்குக் கம்பங்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். வெயிலில் சூடேறி நின்றுபோவதும் உண்டு. மெனுவில் சூட்டில் அணையும் அளவை ‘உயர்’ என்று மாற்றி, திரையை உடலோடு ஒட்டாமல் திறந்து வைத்தால் ஓரளவு தாங்கும். 2024இல் வந்த இரண்டாவது இசட்வி-ஈ10இல் பெரிய பற்றரி வந்தது, இயந்திர ஷட்டர் போய்விட்டது. படம் எடுக்க விரும்புகிறவருக்கு அது நல்ல பேரமல்ல.

சாஜ் விஷயம் சின்னது, ஆனால் பயணத்தில் கடுப்பேற்றும். நிக்கோன், சோனி இரண்டும் யூ.எஸ்.பி-சி வழியாகப் பவர் பாங்கில் ஏறும். ஆர்50 ஏறும், ஆனால் பி.டி. (பவர் டெலிவரி) வகைச் சாஜர் வேண்டும், பழைய போன் சாஜரில் ஏறாது. ஆர்100இல் யூ.எஸ்.பி துளை இருந்தும் சாஜ் ஏறாது, பற்றரியைக் கழற்றி அதன் சாஜரில்தான் போடவேண்டும். ஆர்100க்கு இரண்டாவது பற்றரி கட்டாயம்.

உப்புக்காற்றுக்கு நாலும் ஒன்றுதான். எதையும் மழைக்கோ அலைச்சாரலுக்கோ நம்பிக் கொடுக்கக்கூடாது. புறாமலைக்குப் படகில் போகையில் கமரா நீர்புகாப் பைக்குள் இருக்கட்டும், கரையேறியபின் திறக்கலாம். மணலில் நின்று லென்ஸ் மாற்றவேண்டாம்: கழற்றியதும் சென்சர் திறந்தபடி நிற்கும், கச்சான் காற்று அடிக்கும் நாளில் ஒரு நொடி போதும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடி புகைபோல் மங்கும். துடைக்காமல் பைக்குள்ளேயே அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். வீடு திரும்பியதும் முதலில் ஊதுபந்தால் மணலை ஊதி, பிறகே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலைத் துடைக்கவேண்டும். வரிசை மாறினால் மணலே கீறிவிடும். மாரியில் லென்ஸைத் தோல்பையில் பூட்டி அலுமாரிக்குள் வைத்தால் பூஞ்சணம் உறுதி. காற்றுப்புகாத 10 லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டி, அதற்குள் 200 கிராம் சிலிக்கா ஜெல், ஈரப்பதமானி ஒன்று. 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் சரி.

நம் பரிந்துரை: வெளியில் எடுப்பதே அதிகமென்றால் ஆர்50. பெரும்பாலும் வீடு, பிள்ளைகள், வீடியோ என்றால் இசட்30உம் அந்த 24 மி.மீ. லென்ஸும். சோனியைப் பாவித்ததாக நல்ல விலைக்குக் கிடைத்தால் மட்டும் பாருங்கள். பாவித்தது எதுவானாலும் காசு கொடுக்கமுன் லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து போன் ரோர்ச்சை அடித்து முன்பக்கமாகச் சரித்துப் பாருங்கள். சிலந்திவலை இழைபோல் தெரிந்தால் அது பூஞ்சணம். அடுத்து எஃப்/16இல் வெறும் வானத்தைப் படமெடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். லென்ஸ் மாற்றியும் அதே இடத்தில் கரும்பொட்டு நின்றால் அழுக்கு சென்சரில். ஊதுபந்துக்குப் போகாவிட்டால், துப்புரவுச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.