இரண்டு லைன் ஆபீஸ்: சோர்ஸ் ரூலா, பாக்கெட் மார்க்கா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில் ஒரு கணக்கர் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் கம்ப்யூட்டர்கள் 192.168.10.0/24. சிசிடிவியும் விருந்தினர் வைஃபையும் 192.168.20.0/24. இந்த 20-ஐ மட்டும் இரண்டாவது ஃபைபர் லைனில் தள்ளவேண்டும். நடுவில் லினக்ஸ் ரவுட்டர்.

வழி இரண்டு: ஐபி ரூலில் (எந்தப் பாக்கெட் எந்த ரூட் டேபிளைப் பார்க்கவேண்டும் என்று சொல்லும் விதி) சோர்ஸ் முகவரியை, அதாவது பாக்கெட் கிளம்பிய முகவரியைப் பார்த்தே டேபிளை மாற்றலாம், அல்லது லினக்ஸ் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில் பாக்கெட்டுக்கு மார்க் (ரவுட்டருக்குள் மட்டும் இருக்கும் அடையாள எண்) போட்டு, அதை வைத்து மாற்றலாம். இந்த அளவு ஆபீஸில் வேகத்தில் வித்தியாசம் தெரியாது. பராமரிப்பில் தெரியும், அதனால்தான் என் கை சோர்ஸ் ரூல் பக்கமே போகிறது.

டேபிள் 200-ல் இரண்டாவது லைனின் டிஃபால்ட் ரூட் (வேறு எதிலும் பொருந்தாதவை போகும் வழி), அந்த இன்டர்ஃபேஸுக்கு மாஸ்கரேட் (வெளியே போகும்போது உள் முகவரியை லைனின் முகவரியாக மாற்றுவது), பிறகு இரண்டே ரூல். ரூலின் எண் அதன் முன்னுரிமை, சிறிய எண் முதலில். 1000-ல் மெயின் டேபிளை, அதன் டிஃபால்ட் ரூட்டை மட்டும் ஒதுக்கும் சப்ரஸ் பிரிஃபிக்ஸ்லெங்த் 0 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், 1100-ல் 192.168.20.0/24 என்றால் டேபிள் 200. அந்த 1000-ஐ விட்டுவிட்டால் ஊழியர் கம்ப்யூட்டரிலிருந்து சிசிடிவி ரெக்கார்டர் திறக்காது. ரெக்கார்டரின் பதில் பக்கத்து அறைக்குப் போகாமல் இன்டர்நெட் பக்கம் ஓடிவிடும். கேபிளைச் சந்தேகப்பட்டு அரை நாள் போகும்.

சோதிக்க 'ஐபி ரூட் கெட்' போதும். 192.168.20.15 எந்த டேபிளில் போகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடும். உள்வரும் இன்டர்ஃபேஸையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். மார்க் முறையில் இதே கட்டளை பாதிதான் உதவும். மார்க்கை நாமே கையால் கொடுக்கவேண்டும். ஃபயர்வால் உண்மையில் அந்த மார்க்கைப் போடுகிறதா என்பதைத் தனியாகத் தேடவேண்டும். பாக்கெட் சரியான இன்டர்ஃபேஸ் வழியாகத்தான் வந்ததா என்று பார்க்கும் ஆர்பி ஃபில்டர் 1-ல் (கண்டிப்பான நிலை) இருந்தால் இன்னொரு தலைவலி: திரும்பிவரும் பாக்கெட்டைச் சரிபார்க்கும்போது கர்னல் மார்க்கைக் கணக்கில் எடுக்காது. கனெக்‌ஷன் மார்க்கை (முழு இணைப்புக்கும் நினைவில் வைத்த மார்க்) பாக்கெட்டில் மீட்டுப் போட்டு, அந்தச் சோதனையில் மார்க்கையும் பார்க்கவைக்கும் எஸ்ஆர்சி வேலிட் மார்க் அமைப்பை 1 ஆக்கவேண்டும், அல்லது ஃபில்டரை 2-க்குத் தளர்த்தவேண்டும். சோர்ஸ் ரூல் அந்தச் சோதனையில் தானாகவே தேறிவிடும்.

மார்க் ஜெயிக்கும் இடமும் உண்டு. 10-ல் இருக்கும் சர்வருக்கு இரண்டாவது லைன் வழியாக போர்ட் ஃபார்வர்ட் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே அனுப்புவது) செய்தால், பதில் அதே லைனில் திரும்ப கனெக்‌ஷன் மார்க் தேவை. சோர்ஸ் ரூலால் முடியாது. போர்ட் வாரியாகப் பிரிக்க மட்டும் என்றால் மார்க் கட்டாயமில்லை, கர்னல் 4.17 முதல் ஐபி ரூலே போர்ட்டைப் பார்க்கும்.

எதை எடுத்தாலும் பிபிபிஓஇ லைனில் (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து டயல் செய்து இணைவது) ஒன்று கவனிக்கவேண்டும். லைன் அறுந்ததும் டேபிள் 200-ன் டிஃபால்ட் ரூட் மறைந்துவிடும்; விருந்தினர் வைஃபை சத்தமில்லாமல் ஆபீஸ் லைனில் ஏறிக்கொள்ளும். திரும்ப டயல் ஆனதும் ரூட்டைப் போட லைன் ஏறியதும் தானாக ஓடும் ஐபி-அப் ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி சேருங்கள். ஆபீஸ் லைனில் ஏறவே கூடாதென்றால் டேபிள் 200-லேயே பெரிய மெட்ரிக்கில் (கடைசித் தேர்வாக) ஓர் அன்ரீச்சபிள் டிஃபால்ட்டும் (வழியில்லை என்று பாக்கெட்டை நிறுத்திவிடும் ரூட்) வேண்டும்.