கோவைச் சம்பளமா, கொழிஞ்சாம்பாறை சிப்ஸா?

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் எல்லை தாண்டி தினமும் கோவைக்கு பஸ் ஏறுகிறேன். வேலை என்றால், பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதியில் நான் போடும் 12 சதவீதத்துக்குக் கம்பெனியும் 12 போடும். 5 வருடம் முடித்தால் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். எனக்கு இப்போது நாலரை வருடம். இந்த நேரத்தில் விடுவது சுத்த முட்டாள்தனம்.

சொந்தத் தொழிலில் லாபம் நம் கையில், தூக்கம் கடன்காரர் கையில். எல்லைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நேந்திரம் சிப்ஸ் போட்டு கேரளத்துக்குள்ளேயே விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம். அதே சிப்ஸைத் தமிழ்நாட்டுக் கடைக்குப் போட்டால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். வரிச் சோதனைச்சாவடிதான் 2017லேயே போய்விட்டதே என்று அசட்டையாக இருக்க முடியாது.

சரி, இன்னும் ஆறு மாதம் பஸ்தான். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் வாணலி வைத்து, பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறேன்.