சீல் உறையில் வந்த டிஸ்க், 27,412 மணி நேரம் ஓடியது

வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்கள், வைக்கலாமா என்று யோசிப்பவர்கள், போன ஒன்றிரண்டு வருடத்தில் 'புதுசு' என்று நம்பிப் பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கியவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பண நஷ்டம் மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

என் சர்வர் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட டெஸ்க்டாப், ஆறாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம். குடும்பப் படங்களுக்கு இம்மிச், பாட்டுக்கும் படத்துக்கும் ஜெல்லிஃபின். ராத்திரி பத்து மணிக்கு மேல், எல்லோரும் படுத்தபின், அதன் முன் உட்கார்ந்தால் எனக்கு மனசு லேசாகிவிடும். சிலருக்கு மாடித்தோட்டம் எப்படியோ எனக்கு இது அப்படி. காலையில் இன்னொன்று உண்டு. அப்பா வைத்திருந்த பழைய சேஃப்டி ரேசரை எடுத்து, பிரஷ்ஷால் சோப்பை நுரை கட்டி, அவசரமில்லாமல் சவரம் செய்வது. அதைப் பற்றியும் கீழே வரும், காரணம் இருக்கிறது.

2024 கோடையில் ஊருக்குப் போனபோது சித்தப்பா வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி கிடைத்தது. உள்ளே 41 கேசட்டுகள். தாத்தா நாகர்கோவில் பக்கம் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். கோயில் கொடை விழாக்களில் அவர்கள் பாடியதை யாரோ டேப் ரிக்கார்டர் வைத்துப் பதிவு செய்து கொடுத்திருக்கிறார்கள். பெட்டியைச் சென்னைக்கு எடுத்து வந்து, ஒரு பழைய கேசட் டெக்கைச் சரி பண்ணி, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒன்றிரண்டாகக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தேன். 90 நிமிடக் கேசட் ஒன்று 950 எம்பி அளவுக்கு வரும். குடத்தின் வாயில் மட்டை விழும்போது எழும் அந்த 'பூம்' வரும் இடத்தில் என் அம்மா சமையலறையில் இருந்து எட்டிப் பார்ப்பார். "இது அப்பா கைதான்டா" என்பார்.

சர்வரில் இருந்த டிஸ்க் பழசு. இவ்வளவையும் அதில் வைக்க மனமில்லாமல்தான் புதிதாக இரண்டு வாங்கி, ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் அப்படியே பதியும்படி மிரர் போடலாம் என்று முடிவு செய்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தேன். அந்தத் தெருவில் நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் முதல் கம்ப்யூட்டரே அங்கே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்ததுதான். அதனால் தெருவைக் குறை சொல்லவில்லை, கடைப் பெயரையும் எழுதப் போவதில்லை. மாடியில் ஒரு சின்னக் கடை. 12 டிபி டிஸ்க், டேட்டா சென்டர் ரகம், வெளியே 26,000 சொன்னார்கள், இங்கே 19,500.

"ஃப்ரெஷ் பீஸ் சார். சீல் பேக். பல்க்ல வந்தது, அதான் விலை கம்மி" என்றார் கல்லாவில் இருந்த பையன்.

"பில் குடுப்பீங்களா தம்பி?"

"பில்லுன்னா 18 பர்சென்ட் கூட வரும் சார். எஸ்டிமேட் போட்டுத் தரேன். அஞ்சு வருஷம் வாரண்டி, எதுனாலும் நம்ம கடைக்கே வாங்க."

நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். இரண்டு டிஸ்க்குக்கும் சேர்த்து ஏழாயிரம் மிச்சமாகிறது என்று கணக்குப் போட்டுவிட்டு, கடைப் பெயரே இல்லாத ஒரு துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு 39,000 ரூபாயை யூபிஐயில் அனுப்பினேன். பணம் போனது ஒரு தனி ஆளின் பெயருக்கு. அப்போது அதைக் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தேன். வெள்ளி நிற உறை, நான்கு பக்கமும் ஒட்டியிருந்தது, உள்ளே ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம்கூட இருந்தது. சர்வரில் மாட்டி ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தேன். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும், அதுதான் ஸ்மார்ட். அதில் 9ஆம் எண், மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது. ஒன்றில் 2, இன்னொன்றில் 3. கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கிய செக்டர்கள் (தகவல் பதியும் சின்னச் சின்னப் பகுதிகள்), 5ஆம் எண், சுழியம். படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள், 197ஆம் எண், சுழியம். திருப்தியாகிவிட்டது. முழு நீளச் சோதனை ஓட விட்டிருக்கலாம். 12 டிபிக்கு அது 18 மணி நேரம் அளவுக்குப் பிடிக்கும். அன்றைக்குப் பொறுமை இல்லை, அன்றைக்கே எல்லாவற்றையும் நகல் எடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. பிப்ரவரியில் ஒரு ராத்திரி ஹாலில் டக், டக் என்று சத்தம். பல்லி ஏதோ தட்டுகிறது என்றுதான் மனைவி நினைத்தாள். முதல் டிஸ்க்கில் 197ஆம் எண் சுழியத்தில் இருந்து 312க்குப் போயிருந்தது. மறுநாள் காலை அந்த டிஸ்க் சர்வருக்கே தெரியவில்லை.

சரி, மிரர்தானே, இரண்டாவது இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். வேறு கடையில் பில்லோடு ஒரு டிஸ்க் வாங்கி மாட்டி, இரண்டாவதில் இருந்து அதற்கு நகல் ஏற விட்டேன். பாதி வழியிலேயே இரண்டாவதும் திணற ஆரம்பித்தது. ஒரு வழியாக முடிந்தபோது, மீட்க முடியாத கோப்புகள் என்று, மிரரைப் பார்த்துக்கொள்ளும் இசட்எஃப்எஸ் மென்பொருள் ஒரு பட்டியல் காட்டியது. ஆறு பெயர்கள். ஆறும் கேசட்டுகள். குடும்பப் படங்களுக்கு வெளியே இன்னொரு நகல் இருந்தது, அவை தப்பின. கேசட் பதிவுகளை முழுவதும் முடித்துவிட்டு மொத்தமாக நகல் எடுக்கலாம் என்று விட்டு வைத்திருந்தேன். 41ம் சேர்ந்தே 40 ஜிபிகூட இல்லை. ஒரு பென் டிரைவில் அடங்கியிருக்கும்.

மதுரையில் இருக்கும் கல்லூரி நண்பனிடம் போனில் புலம்பியபோது அவன் கேட்டான்: "மச்சான், ஸ்மார்ட் சரி, ஃபார்ம் பார்த்தியா?"

எனக்கு அது என்னவென்றே தெரியாது. என்னுடையவை சீகேட் நிறுவன டிஸ்க்குகள். அவற்றில் ஸ்மார்ட் தவிர, ஃபார்ம் என்று இன்னொரு பதிவேடு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்மார்ட் எண்ணை அழித்துச் சுழியமாக்குகிறவர்கள் பல நேரம் இதைத் தொடுவதில்லை. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் புதிய பதிப்பு இருந்தால் ஒரே கட்டளையில் படித்துவிடலாம். இன்னும் உயிரோடு இருந்த இரண்டாவது டிஸ்க்கில் ஓட்டினேன். ஸ்மார்ட் சொன்ன மணி 2,700 சொச்சம், அதாவது என் வீட்டில் ஓடிய நான்கு மாதம். ஃபார்ம் சொன்னது 27,412.

ஒரு வருடத்துக்கு 8,760 மணி. 27,412 என்றால் இரவு பகல் நிறுத்தாமல் மூன்று வருடமும் ஒன்றரை மாதமும். என் வீட்டில் ஓடியதைக் கழித்தாலும் மூன்று வருடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த எண்ணை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு டிஸ்க்கைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, முதல் நாளே பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன். கேபிள் சொருகும் இடத்தில் தங்க நிறத் தகடுகளின் மேல் நீளவாக்கில் கோடுகள், பல தடவை சொருகி எடுத்த தடம். பக்கவாட்டுத் திருகுத் துளைகளைச் சுற்றி வட்டமாகத் தேய்மானம். லேபிளின் ஓரம் ஓரிடத்தில் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தது.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைசே செய்தித் தளம் இதே மாதிரி, புதிது என்று விற்கப்பட்ட பழைய சீகேட் டிஸ்க்குகளைப் பற்றி விரிவாக எழுதியது. அங்கேயும் ஸ்மார்ட் சுழியம், ஃபார்மில் பல்லாயிரம் மணி. சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக ஓடியவை அவை என்று பேசப்பட்டது. சியாவுக்கு வேண்டியது டிஸ்க்கில் காலி இடம். 2021இல் அது வந்த புதிதில் உலகம் முழுக்கப் பெரிய டிஸ்க்குகளை வாங்கிக் குவித்தார்கள். லாபம் போனதும் அவை சந்தைக்குத் திரும்பின. பழையது என்று சொல்லி விற்றால் தப்பே இல்லை, தெரிந்தே வாங்கி நன்றாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். எண்ணை அழித்து உறை போட்டு விற்பதுதான் திருட்டு. இதில் தயாரித்த நிறுவனத்தின் மேல் எனக்குக் குறை இல்லை.

இந்த இடத்தில் அந்த சவரப் பிரஷ் கதை. டிஸ்க் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பு, பேட்ஜர் என்ற விலங்கின் அசல் முடி என்று சொல்லி ஆன்லைனில் ஒருவர் விற்ற பிரஷ்ஷை 2,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நனைத்துப் பார்த்ததும் சந்தேகம். விலங்கு முடி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், முதல் சில நாள் ஈர மிருகத்தின் வாடை லேசாக வரும். இதில் வாடையே இல்லை, இரண்டு உதறலில் காய்ந்துவிட்டது. ஓர் இழையைப் பிடுங்கி விளக்கில் காட்டினேன். முடி என்றால் கருகி, தலைமுடி தீயும் நாற்றம் அடித்து, தேய்த்தால் பொடியாகும். இது சுருண்டு உருகி, நுனியில் கடுகு மாதிரி ஒரு கெட்டி மணியாக நின்றது. நைலான். செயற்கை முடிப் பிரஷ் மோசமில்லை, நானே ஒன்று வைத்திருக்கிறேன், ஆனால் அதன் விலை அறுநூறுக்குள். பில் இருந்தது, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன், எரிந்த இழையின் படத்தோடு புகார் போட்டதும் பத்து நாளில் பணம் திரும்பிவிட்டது. 2,800 ரூபாய்ப் பிரஷ்ஷுக்கு ஓர் இழையை எரித்துப் பார்த்தவன், 39,000 ரூபாய் டிஸ்க்குக்கு உறையையும் ஓர் எண்ணையும் நம்பிவிட்டேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

டிஸ்க் கடைக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை "ஓனர் வரலை சார்". இரண்டாவது தடவை ஓனர் வந்தார், ஃபார்ம் எல்லாம் கம்ப்யூட்டர் காட்டும் தப்பு என்றார், கடைசியில் செத்துப்போன டிஸ்க்குக்கு மாற்றாக இன்னொரு சீல் உறையை நீட்டினார். அங்கேயே என் லேப்டாப்பில் மாட்டிக் காட்டினேன். அதில் 31,000 மணி. அந்தப் பையன் தலை நிமிரவில்லை. மூன்றாவது தடவை, "நீங்க இங்கதான் வாங்கினீங்கன்னு என்ன ப்ரூஃப்?" என்றார். என் கையில் இருந்த சீட்டில் கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, டிஸ்க்கின் வரிசை எண் இல்லை. சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்ததால் 11,000 ரூபாய் கொடுத்து அனுப்பினார். 1915க்கு அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தேன். எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் சரியாக இல்லாமல் அது நகரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமே கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போடலாம். பில் வைத்திருப்பவர்கள் இதை விடாதீர்கள். நான் யூபிஐ பதிவை வைத்து ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: வரிசை எண் அச்சான ஜிஎஸ்டி பில் இல்லாமல் டிஸ்க்கைத் தொடாதீர்கள், அந்த 18 சதவீதம் உங்கள் காப்பீடு. பணம் கட்டும் முன் கடையிலேயே நின்று, லேபிளில் உள்ள எண்ணைத் தயாரிப்பாளரின் வாரண்டிப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வாரண்டி முடிந்துவிட்டது என்றோ, வாங்கிய இடத்தைக் கேளுங்கள் என்றோ வந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். வீட்டில் முழு நீளச் சோதனை ஓட்டுங்கள், சீகேட் டிஸ்க் என்றால் ஃபார்மையும் பாருங்கள். ஃபார்மையும் அழிக்க ஆட்கள் கற்றுக்கொள்ளலாம் என்பதால் அதை மட்டும் நம்பாமல், சொருகும் தகடுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு டிஸ்க் வேண்டும் என்றால் இரண்டு கடையில் வாங்குங்கள். ஒரே லாட்டில் வந்தவை பல நேரம் ஒன்றாகச் சாகின்றன. ஏற்கெனவே வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்று ராத்திரியே ஃபார்மைப் பாருங்கள். எண் சரியில்லை என்றால் முதலில் நகல் எடுங்கள், கடைக்காரரிடம் சண்டை அப்புறம்.

ஆறில் நான்கு கேசட்டுகளை மறுபடி ஓட்டி ஏற்றிவிட்டேன். மற்ற இரண்டிலும் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை, முதல் தடவை ஓட்டும்போதே ஒட்டி ஒட்டித்தான் வந்தது, இப்போது டெக்கில் போட்டால் அறுகிறது. குழுவில் உடுக்கை அடித்தவரின் மகன் ஊரில் இருக்கிறார். அவர்கள் வீட்டிலும் ஒரு பெட்டி உண்டு என்று சித்தப்பா சொல்கிறார். சித்திரைக் கொடைக்குப் போகும்போது டெக்கையும் இரண்டு பென் டிரைவையும் எடுத்துப் போகிறேன்.