ஆய்வு மாணவருக்கு எது: ஆண்டு விடுப்பா, நீண்ட விடுப்பா?

சிங்கப்பூரில் பொது விடுமுறை 11 நாள். அதில் தீபாவளி உண்டு, பொங்கல் இல்லை. தைப்பூசத்தையும் 1968-இல் எடுத்துவிட்டார்கள். செமஸ்டர் விடுமுறை இளநிலை மாணவர்களுக்குத்தான், ஆய்வகத்துக்கு அது பொருந்தாது. அதனால் பொங்கலுக்கு ஊருக்குப் போக முனைவர் பட்ட மாணவர் கை வைப்பது ஆண்டு விடுப்பில். மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லி, முறைப்படி விண்ணப்பித்தால் சரி. உதவித்தொகை தொடரும்.

நீண்ட விடுப்பு, அதாவது படிப்பைச் சில காலம் நிறுத்திவைப்பது, வேறு கதை. பெரும்பாலும் அது செமஸ்டர் கணக்கில்தான் கிடைக்கும். உதவித்தொகை நின்றுவிடும், ஆனால் எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டு அறை வாடகை நிற்காது! வெளிநாட்டு மாணவர் என்றால் பொதுவாக ஸ்டூடன்ட் பாஸை (படிக்கத் தங்குவதற்கான அனுமதி) ரத்து செய்துவிட்டு, திரும்பும்போது மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இந்தப் பாஸ் தலைவலி இல்லை.

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, சில வாரம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் ஆண்டு விடுப்பே போதும் என்பேன். உங்களுக்கே உடம்போ மனமோ முடியவில்லை என்றால், பணத்தைப் பார்த்துத் தள்ளிப்போடாமல் நீண்ட விடுப்பைக் கேளுங்கள். அந்தக் காலம் ஆய்வுக் கெடுவில் சேருமா என்பதைத் துறை அலுவலகத்திடம் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.